கோத்தகிரிப் பையன் 24 மணி நேரக் கார் பந்தய டிரைவர் ஆக முடியுமா? வழி, செலவு, பயிற்சி

கேள்வி சுருக்கமாக இது: கோத்தகிரி பக்கம் ஒரு குடும்பம், ஐந்து ஏக்கர் தேயிலை. மகனுக்கு 17 வயது, ப்ளஸ் டூ முடிக்கப் போகிறான். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி 992 வகுப்பில் (போர்ஷே 992 கார்களுக்கான பிரிவு) மூன்றாம் இடம் பிடித்ததைப் பார்த்ததிலிருந்து எண்டூரன்ஸ் (நீண்ட நேரப் பந்தய) டிரைவர் ஆவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் அப்பாவின் காரை நன்றாகவே ஓட்டுகிறான். இதற்கு வழி உண்டா, எவ்வளவு ஆகும், மலையில் வளர்ந்தது கைகொடுக்குமா?

பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று. 17 வயதில் அவன் ரோட்டில் கார் ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் கடுமையாகிவிட்டது. பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு; வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும்; பையனுக்கு 25 வயது வரை டிரைவிங் லைசென்ஸ் கிடைக்காது. சர்க்யூட் வேறு. அங்கே 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் முறையான போட்டி லைசென்ஸோடு ஓட்டுகிறார்கள். வேகம் பழக வேண்டிய இடமும் அதுதான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பழகக் கூடாது.

இனி தொழிலைப் பார்ப்போம். எண்டூரன்ஸ் பந்தயத்தில் ஒரு காரைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு பேர் மாறி மாறி ஓட்டுவார்கள். லே மான்ஸ் என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு 24 மணிப் பந்தயத்தில் மூன்று பேர். அங்கே எந்த டிரைவரும் எந்த 6 மணி நேரத்துக்குள்ளும் 4 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தத்தில் 14 மணியைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு இல்லாத காலமும் இருந்தது. 1952இல் பியர் லெவே என்ற பிரெஞ்சுக்காரர் கூட்டாளிக்கு இடம் கொடுக்காமல் தனியாகவே ஓட்டினார். முன்னிலையில் இருந்தவர், பந்தயம் முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கும்போது இன்ஜின் போய் நின்றார். அத்தனை மணி நேரம் விழித்திருந்தவரின் கை கியரைத் தவறவிட்டதுதான் காரணம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

எனவே ஒரு அணி டிரைவரைத் தேடும்போது, ஒரே ஒரு லேப்பில் (சுற்றில்) அவர் எவ்வளவு வேகம் என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்கும். பழைய டயர், முழு டேங்க், முன்னும் பின்னும் நெரிசல் என்ற நிலையில் இருபது லேப்பை எவ்வளவு சீராக ஓட்டுகிறார், கீறல் இல்லாமல் காரை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறாரா என்பதே முதல் கேள்வி. உங்கள் மகனிடம் இதைச் சொல்லும்போது அவன் முகம் சுருங்கினால், அவனுக்குப் பிடித்தது வேகப் பந்தயம், இந்தத் தொழில் வேறு என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே பலருக்குத் தெரியாத, ஆனால் யாருக்கு சீட் கிடைக்கும் என்பதையே முடிவு செய்கிற விஷயம் அது. உலக மோட்டார் பந்தய ஆளுகை அமைப்பான எஃப்ஐஏ ஒவ்வொரு எண்டூரன்ஸ் டிரைவருக்கும் ஒரு தரம் கொடுக்கிறது: பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் (வெண்கலம்; நாடு அல்ல). ஃபார்முலா 1 சூப்பர் லைசென்ஸ் வைத்திருந்தவர்களும் கார் கம்பெனிகளின் சம்பள டிரைவர்களும் மேலே இருப்பார்கள். முப்பது வயதுக்குப் பிறகு முதல் லைசென்ஸ் எடுத்து, ஃபார்முலா கார் அனுபவம் அதிகம் இல்லாதவர் பொதுவாக பிரான்ஸ். முப்பதுக்குக் கீழ் இருக்கும் புதியவர் எவ்வளவு கற்றுக்குட்டியாக இருந்தாலும் சில்வர்தான். வயது ஏற ஏறத் தரம் இறங்கும்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் எல்எம்ஜிடி3 வகுப்பில் (ஜிடி என்றால் சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்) ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் கட்டாயம், இன்னொருவர் சில்வரோ பிரான்ஸோ, மூன்றாமவர் யாராகவும் இருக்கலாம். அந்த பிரான்ஸ் டிரைவர் பெரும்பாலும் தொழிலதிபர். காரின் செலவில் பெரும்பகுதி அவர் பணம். மூன்றாமவர் கம்பெனி அனுப்பும் சம்பளக்காரர். நடுவில் இருக்கும் சில்வர் சீட்டுக்குத்தான் உலகம் முழுக்க இளைஞர்களின் போட்டி. எட்டு வயதில் கார்ட்டிங் (சிறு பந்தய வண்டி) ஆரம்பித்து ஐரோப்பாவில் ஃபார்முலா 4, ஃபார்முலா 3 ஓட்டிப் பணம் தீர்ந்துபோன 21 வயதுக்காரரும் சில்வர்; நேற்று லைசென்ஸ் எடுத்த உங்கள் மகனும் சில்வர். அணி யாரை எடுக்கும்? முதலாமவரை. இரண்டாமவரை எடுக்க வேண்டுமென்றால் அவர் பணம் கொண்டு வர வேண்டும், இல்லையென்றால் சில்வருக்குள்ளேயே அசாதாரண சீராக ஓட்டுபவர் என்று எண்களில் நிரூபிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு இரண்டாவது வழிதான். அதற்கான நேரம் இன்னும் இருக்கிறது. ஃபார்முலா 1க்கு 17 வயது மிகத் தாமதம். எண்டூரன்ஸில் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் உச்சத்தில் இருப்பவர்கள் ஏராளம்.

கோத்தகிரியிலிருந்து பாதை எப்படிப் போகும்? உங்களுக்கு வாய்த்த பெரிய வசதி, நாட்டின் முக்கியமான ரேஸ் டிராக்குகளில் ஒன்று மலையடிவாரத்திலேயே இருப்பதுதான். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் நீளம்; காலையில் கிளம்பினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சென்னை இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கிலோமீட்டர், டெல்லி அருகே புத் சர்க்யூட் 5.1 கிலோமீட்டர். முதலில் வாடகைக் கார்ட்டில் பத்துப் பதினைந்து நாள் உட்கார வையுங்கள். அதன் பிறகு எஃப்எம்எஸ்சிஐ அங்கீகரித்த பயிற்சிப் பள்ளி ஒன்றில் அடிப்படைப் பயிற்சி, மருத்துவச் சான்று, போட்டி லைசென்ஸ். எஃப்எம்எஸ்சிஐதான் இந்தியாவின் மோட்டார் பந்தய ஆளுகை அமைப்பு, தலைமையகம் சென்னை. பின்னாளில் வெளிநாட்டில் ஓட்டவும் அவர்களின் அனுமதிக் கடிதம் வேண்டும். அதை விசா விண்ணப்பத்தோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள். கடைசி வாரத்தில் அலைகிறவர்கள் பலர்.

அடுத்த படி எல்ஜிபி ஃபார்முலா 4. பெயரைப் பார்த்து எஃப்ஐஏ ஃபார்முலா 4 என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் வேறு. எல்ஜிபி கார் மாருதி இன்ஜின் வைத்த, இறக்கை இல்லாத எளிய ஃபார்முலா கார். இறக்கை இல்லாததால் டவுன்ஃபோர்ஸ் (காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசை) கிடையாது. ஸ்டியரிங்கை முரட்டுத்தனமாகத் திருப்பினால் உடனே வழுக்கிக் காட்டிக்கொடுக்கும். கற்றுக்கொள்ள இதைவிடச் சிக்கனமான கார் இங்கே இல்லை. இதில் ஒரு சீசனுக்குச் சில லட்சங்கள் போகும். 2023இல் தொடங்கிய இந்திய எஃப்ஐஏ ஃபார்முலா 4 அதைவிடப் பல மடங்கு. ஐரோப்பாவில் ஒரு சீசன் என்றால் கோடிகளில் பேசுவார்கள்.

ஜிடி பந்தயத்தின் செலவு ஏன் அவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இரண்டு எண்கள். போர்ஷே 992 ஜிடி3 கப் கார் அறிமுகமானபோது விலை 2,25,000 யூரோ. அதற்கு மேல்நிலையில் இருக்கும் 992 ஜிடி3 ஆர் 5,67,000 யூரோ. இரண்டும் வரி சேராமல். இது வெறும் காரின் விலை. டயர், எரிபொருள், மெக்கானிக், கன்டெய்னர் எல்லாம் தனி. தேயிலைத் தோட்டத்தை விற்று இதற்குள் இறங்காதீர்கள். ஐந்து ஏக்கரை விற்றாலும் கீழ்மட்ட ஜிடி தொடரில் ஒன்றிரண்டு சீசன்தான் தாங்கும், அதன் பிறகு நிலமும் இருக்காது, சீட்டும் இருக்காது.

இந்தியாவுக்கு உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப் வருவதில்லை. நமக்குக் கிட்டத்தில் இருப்பவை குளிர்காலத்தில் செபாங், துபாய், அபுதாபி பக்கம் நடக்கும் ஏஷியன் லே மான்ஸ் தொடரும் ஜனவரி மாத துபாய் 24 மணியும்தான். ஏஷியன் லே மான்ஸில் பந்தயங்கள் 4 மணி நேரம். வகுப்பை வெல்லும் அணிக்கு லே மான்ஸ் அழைப்பு கிடைக்கும் என்பதால் மதிப்பு அதிகம். 2021இல் கோவையின் நரேன் கார்த்திகேயன், பெங்களூரின் அர்ஜுன் மைனி, நவீன் ராவ் மூவரும் சேர்ந்து ஒரு முழு இந்திய அணியாக எல்எம்பி2 வகைப் புரோட்டோடைப் (பந்தயத்துக்கென்றே வடிவமைத்த) காரில் ஓட்டியது இந்தத் தொடரில்தான். லே மான்ஸைப் பொறுத்தவரை 2012இல் சென்னையின் கருண் சந்தோக் ஜேஆர்எம் அணியின் காரில் ஒட்டுமொத்தத்தில் ஆறாம் இடம் பிடித்தார்.

இப்போது மலைக்கு வருவோம். மலைப்பாதை சில நல்ல பழக்கங்களைத் தரும், சில கெட்ட பழக்கங்களையும் கையில் ஊறவைத்துவிடும். பனிமூட்டத்தில் பதறாமல் ஓட்டுவது, ஈரத் தார் மீது காலை மென்மையாக வைப்பது, இறக்கத்தில் பிரேக் சூடேறும் வாசனையைக் கண்டுபிடிப்பது எல்லாம் உண்மையான சொத்து. குறிப்பாக பிரேக். சாதாரண டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். குன்னூர் இறக்கத்தில் டூரிஸ்ட் வேன்களுக்குப் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குவது இந்தக் கொதிப்பில் எழும் ஆவிக் குமிழால்தான். ரேஸ் ஆயில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும். ஆனாலும் முன்னால் போகும் காரை ஒட்டியே லேப் லேப்பாக ஓட்டினால் பிரேக்குக்குக் காற்று கிடைக்காமல் அதே பஞ்சு வந்துவிடும். இதை அனுபவத்தில் அறிந்தவன் இரண்டு லேப்புக்கு ஒரு முறை சற்று ஒதுங்கிக் காற்று வாங்கிக்கொள்வான்.

கெட்ட பழக்கங்கள்: இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்குக்காகச் சீக்கிரமே கியரைக் குறைப்பது. ரேஸ் காரில் வேகத்தைக் குறைப்பது பிரேக்கின் வேலை. கியரைத் தாமதமாகத்தான் இறக்க வேண்டும், முந்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், இன்ஜின் சுற்று எல்லை தாண்டும். அடுத்தது பார்வை. மலையில் அடுத்த வளைவுக்கு மேல் தெரியாது, கண் அருகிலேயே நின்று பழகிவிடுகிறது. டிராக்கில் ஒரு வளைவுக்குள் இருக்கும்போதே கண் அடுத்த வளைவின் பிரேக் புள்ளிக்குப் போயிருக்க வேண்டும். மூன்றாவது, வலது காலால் பிரேக் பிடிப்பது. ஜிடி3 காரில் இரண்டு பெடல்தான் வேலை செய்யும், கியர் ஸ்டியரிங்குக்குப் பின்னால். இடது காலுக்கு பிரேக் பழக்க மாதக்கணக்கில் ஆகும். முதல் வாரம் கிளட்ச் மாதிரி மிதித்து முகம் கண்ணாடியில் இடிக்கப் பார்ப்பான். பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். இதை சிமுலேட்டரில் பழக்குங்கள், ரோட்டில் ஒருபோதும் கூடாது.

இடையில் ஒரு சின்னக் கணக்கு. மேட்டுப்பாளையத்தில் 30 டிகிரி வெயிலில் டயருக்கு 33 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டு ஊட்டிக்கு ஏறினால், அங்கே 15 டிகிரியில் கேஜ் எவ்வளவு காட்டும்? வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 14.2இலிருந்து 11.3க்கு இறங்குவதால் கேஜ் ஏறக்குறைய 3 ஏறும். குளிரால் 2க்கு மேல் இறங்கும். கடைசியில் 33 அல்லது 34தான் காட்டும். இரண்டு விளைவும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இதைத் தானே போட்டுப் பார்க்கும் ஆர்வம் உங்கள் மகனுக்கு இருந்தால் டயர் இன்ஜினியரோடு அவனால் பேச முடியும். அது சீட் வாங்கித் தரும் குணங்களில் ஒன்று.

மலைவாசிக்கு உண்மையான குறை ஒன்று உண்டு: வெயில். மூடிய ரேஸ் காருக்குள் 50 டிகிரி சர்வசாதாரணம். மேலே மூன்று அடுக்குத் தீப்பிடிக்காத உடை, முகமூடித் துணி, ஹெல்மெட். வருடம் முழுக்க 20 டிகிரிக்குள் வாழ்ந்த உடம்புக்கு வியர்க்கவே சரியாகத் தெரியாது. தாமதமாக வியர்க்கும், வியர்வையில் உப்பு அதிகம் போகும், இதயம் படபடக்கும். இதனால்தான் முதல் ஸ்டின்டில் (ஒருவர் தொடர்ந்து ஓட்டும் நேரம்) பிரமாதமாக ஓட்டுகிறவன் நாற்பதாவது நிமிடத்தில் பிரேக் புள்ளியை ஒவ்வொரு லேப்பும் இரண்டு மீட்டர் தவறவிடுகிறான். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் தொடர்ந்து தினம் ஒரு மணி நேரம் வியர்க்க வேண்டும். அதற்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு உறவினர் வீடு போதும் (கொடைக்கானல்காரர்களுக்கு வத்தலக்குண்டு). மதியம் சைக்கிள் அல்லது மெதுவோட்டம், கூட ஒருவர் இருக்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்று போவது ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பழகிய உடம்பு இரண்டு மூன்று வாரம் குளிரில் இருந்தால் பழையபடி ஆகிவிடும். அதனால் இதைப் பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரத்தில் வையுங்கள், ஆறு மாதம் முன்னால் செய்து பயனில்லை.

தண்ணீர்க் கணக்கும் அப்போதே எடுத்துவிடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள். 60 கிலோ ஆளுக்கு 1.2 கிலோ குறைந்தாலே கவனம் சிதற ஆரம்பிக்கும். சூடான காரில் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போவது வழக்கம். வெறும் தண்ணீர் போதாது. மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுப்படி ஒரு லிட்டரில் கரைத்ததே நல்லது. பாதி லிட்டரில் கரைத்து ‘ஸ்ட்ராங்காக’ குடித்தால் வயிறு கலங்கும், பந்தய நடுவில் அதற்கு மருந்து கிடையாது.

கழுத்தும் பிரேக் காலும் அடுத்தவை. ஜிடி3 காரில் பக்கவாட்டில் உடம்பின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் விசை வரும், புரோட்டோடைப்பில் இன்னும் அதிகம். பெரும்பாலான சர்க்யூட் கடிகாரச் சுற்றில் ஓடும், வலது வளைவு அதிகம், தலை இடப்பக்கம் இழுபடும். ரப்பர் பட்டையை நெற்றியில் கட்டி நான்கு திசையிலும் 15 விநாடி தாங்குவது, அதை ஐந்து முறை, வாரம் மூன்று நாள். ஆரம்பத்திலேயே ஹெல்மெட்டில் எடை தொங்கவிடாதீர்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் ஒரு மாதம் போச்சு. பிரேக் பெடலுக்கு ஒவ்வொரு முறையும் 60 முதல் 100 கிலோ வரை மிதிக்க வேண்டும், ஒரு மணி நேரத்தில் முந்நூறு தடவைக்கு மேல். ஒற்றைக் கால் லெக் பிரஸ்தான் இதற்கு நேர்ப் பயிற்சி. உங்கள் ஊரில் தேயிலைக் காட்டுச் சரிவில் ஏறி இறங்குவதும் நல்லதுதான், இதயத்துக்கு. அது பிரேக் காலைத் தராது.

சிமுலேட்டர் இல்லாமல் இன்றைக்கு இந்தத் தொழில் இல்லை. ஒன்றரை முதல் மூன்று லட்சத்துக்குள் உருப்படியாக அமைக்கலாம். பணம் குறைவாக இருந்தால் ஸ்டியரிங்கில் குறையுங்கள், பெடலில் குறைக்காதீர்கள். லோடு செல் பெடல் அவசியம். அது அழுத்தத்தை அளக்கும், மலிவுப் பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைத்தான் அளக்கும். காலின் தசை நினைவில் வைத்துக்கொள்வது அழுத்தத்தையே. மலையில் கரண்ட் போவதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் ஆன்லைன் பந்தயத்தில் இறங்கினால் பாதியில் இருட்டாகி, கூட்டாளிகள் மூன்று பேரின் உழைப்பும் போகும்.

பயிற்சி இப்படி: ஜிடி3 கார், முழு டேங்க், ஐம்பது நிமிடம் நிற்காமல். முதல் லேப்பையும் ஸ்பின் ஆனதையும் கழித்துவிட்டு மீதி லேப்களில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆரம்பத்தில் 2 விநாடி இருக்கும். அரை விநாடிக்குள் வந்ததும் அதே டயரில் இரண்டாவது ஸ்டின்ட், அதற்கடுத்து இரவு, அதற்கடுத்து மழை. இந்த நோட்டுதான் ஒரு நாள் அணி மேலாளரிடம் காட்ட வேண்டிய பத்திரம். ஐரேசிங் என்ற ஆன்லைன் சிமுலேட்டரில் நான்கு பேர் அணியாகச் சேர்ந்து ஓட்டும் 24 மணிப் பந்தயங்கள் உண்டு. அவற்றில் ஓட்டிப் பழகினால் காரை ஒப்படைக்கும் ஒழுக்கம் தானாக வரும்.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்காத ஒன்று: டிரைவர் மாற்றம். கார் பிட்டில் (டிராக் ஓரப் பணியிடத்தில்) நின்றதும் எரிபொருள் நிரம்பும் நேரத்துக்குள் ஆள் மாறிவிட்டால் இழப்பே இல்லை. 25 விநாடியை இலக்காக வையுங்கள். வெளியேறுபவர் கார் முழுமையாக நின்ற பிறகே பெல்ட் பூட்டைத் திருப்புவார், முன்கூட்டியே தளர்த்தினால் தண்டனை. ரேடியோ பிளக், குடிநீர்க் குழாய், ஹெல்மெட் காற்றுக் குழாய் மூன்றையும் கழற்றி, தன் உடல் அச்சில் வார்த்த ஃபோம் சீட்டையும் இழுத்துக்கொண்டு இறங்குவார். உள்ளே போகிறவர் தன் ஃபோம் சீட்டைப் போட்டு உட்கார்ந்ததும் முதலில் இடுப்பு வார் இரண்டும், அடுத்து கால்களுக்கிடையே வருவது, கடைசியில் தோள் வார். தோள் வாரைப் போட்டுவிடுவது வெளியே வந்தவரின் வேலை. வார் ஹான்ஸ் (கழுத்தைக் காக்கத் தோளில் அணியும் கருவி) பட்டைக்கு மேல் சரியாக உட்கார்ந்ததா என்று அவர் கண் பார்க்க வேண்டும். நழுவியிருந்தால் மோதலில் கழுத்துக்குப் பாதுகாப்பு இல்லை. இறுக்கும்போது இடுப்பு முதலில், தோள் பிறகு. வரிசை மாறினால் இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறிவிடும்.

வழக்கமாகத் தப்புவது இரண்டு இடத்தில். இடுப்பு வார் ஃபோம் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், தேடி எடுக்கவே பதினைந்து விநாடி போகும். இதைத் தவிர்க்கத்தான் மெல்லிய எலாஸ்டிக் கயிற்றில் வார்களைக் கதவுப் பக்கம் இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். இரண்டாவது, ரேடியோ பிளக் பாதி மட்டும் நுழைந்திருப்பது. அவசரத்தில் ‘க்ளிக்’ கேட்காமல் விட்டால் அந்த ஸ்டின்ட் முழுக்க இன்ஜினியரின் குரல் வராது. வீட்டில் பழைய பக்கெட் சீட்டும் காலாவதியான ஆறு முனை பெல்ட்டும் வாங்கி, ஹெல்மெட், கையுறையோடு தினம் பத்து முறை செய்து பார்க்கலாம். காலாவதி பெல்ட் பயிற்சிக்கு மட்டும், எந்தக் காரிலும் மாட்டக் கூடாது.

ட்ராக்கில் நெரிசலை எப்படிச் சமாளிப்பது? லே மான்ஸ் சுற்று 13.626 கிலோமீட்டர். ஹைப்பர்கார் (அங்கே மிக வேகமான வகுப்பு) ஒரு சுற்றைச் சுமார் 3 நிமிடம் 30 விநாடியில் முடிக்கும், ஜிடி3 ஏறக்குறைய 3 நிமிடம் 58. கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஹைப்பர்காரும் அரை மணிக்கு ஒரு முறை உங்களைத் தாண்டும். இருபது ஹைப்பர்கார் இருந்தால் மணிக்கு நாற்பது முறை, அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. அவை வரும்போது ஜிடி டிரைவர் செய்ய வேண்டியது ஒதுங்குவதல்ல, தன் வழக்கமான கோட்டிலேயே போவது. ‘வழி விடுகிறேன்’ என்று திடீரென விலகினால் வேகமாக வருபவர் ஏற்கெனவே தேர்ந்தெடுத்த இடத்துக்குள் நீங்கள் போய் விழுவீர்கள். பெரிய மோதல்களில் பல இப்படித்தான் நடக்கின்றன. மலையில் ஏறும் வண்டிக்கு வழி விட்டுப் பழகியவர்களுக்கு இது கையில் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

இரவில் முன்விளக்கின் நிறமே கண்ணாடியில் சொல்லிவிடும்: ஜிடி என்றால் மஞ்சள், புரோட்டோடைப் என்றால் வெள்ளை. பிட்டிலிருந்து வெளியேறும் முதல் லேப்பும் ஆபத்தானது. உலக சாம்பியன்ஷிப்பில் டயரைச் சூடாக்கி வைக்கத் தடை இருப்பதால் குளிர்ந்த டயரோடுதான் கிளம்ப வேண்டும். முதல் மூன்று வளைவுகளில் பிரேக்கை முன்கூட்டியே பிடித்துச் சூடேற்றிக்கொள்கிறவர் முப்பது விநாடி பின்தங்கினாலும் பந்தயத்தில் இருப்பார்.

ஒரு சம்பவத்தைப் பையனுக்குச் சொல்லுங்கள். 2009 லே மான்ஸில் நரேன் கார்த்திகேயனுக்குக் கொலஸ் அணியின் ஆடி ஆர்10 காரில் இடம் இருந்தது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன் பிட் சுவர் அருகே தோள்மூட்டு நழுவிவிட, அவரால் ஓட்ட முடியவில்லை. கூட்டாளிகள் ஆந்த்ரே லோட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் இருவரும் மட்டுமே 24 மணியையும் பகிர்ந்து ஓட்டி ஏழாம் இடத்தில் முடித்தார்கள். லோட்டரருக்கு அதுதான் முதல் லே மான்ஸ். பின்னாளில் மூன்று முறை அதை வென்றார். வேலை எந்த நிமிடமும் இரட்டிப்பாகலாம் என்று தயாராக இருந்தவர் அவர்.

ஓட்டாத நேரமும் வேலைதான். இறங்கியதும் இன்ஜினியரிடம் மூன்று வரியில் சொல்ல வேண்டும்: வளைவுக்குள் நுழையும்போது, நடுவில், வெளியேறும்போது கார் என்ன செய்கிறது. ‘வண்டி சரியில்லை’ என்பது தகவல் ஆகாது. பிறகு உப்புத் தண்ணீர், இட்லியோ வாழைப்பழமோ, ஒன்றரை மணி நேரத் தூக்கம். அடுத்த முறை ஏறுவதற்குக் குறைந்தது 45 நிமிடம் முன்னால் எழ வேண்டும். தூக்கக் கலக்கம் தெளிய அவ்வளவு ஆகும். காபி குடிப்பதானால் எழுந்தவுடன்.

வருமானத்தைப் பொறுத்தவரை, பரிசுப் பணத்தில் யாரும் வாழ்வதில்லை. கம்பெனி ஒப்பந்தம் கிடைத்தவர்களுக்குச் சம்பளம். மற்றவர்கள் பிரான்ஸ் டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுத்தும், சிமுலேட்டர் வேலை செய்தும், டயர், கார் கம்பெனிகளுக்குச் சோதனை ஓட்டம் ஓட்டியும் நிற்கிறார்கள். நம்மூரில் ஒரகடத்தில் ஜிஏஆர்சி, இந்தூர் அருகே பீதம்பூரில் 11.3 கிலோமீட்டர் அதிவேக வளையம் கொண்ட நாட்ராக்ஸ் என்று சோதனைத் தளங்கள் இருக்கின்றன. அதனால் என் உறுதியான கருத்து: ப்ளஸ் டூ முடிந்ததும் கோவையில் ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் சேருங்கள், ஃபார்முலா பாரத் அணி வைத்திருக்கும் கல்லூரியாகப் பாருங்கள். மாணவர்களே கார் கட்டி ஓட்டும் அந்தப் போட்டி நடப்பதும் கரி ஸ்பீட்வேயில்தான். நான்கு ஆண்டில் டிராக், டேட்டா, ஆட்கள் மூன்றும் பழக்கமாகிவிடும். அதே காலத்தில் எல்ஜிபி, சிமுலேட்டர் இரண்டையும் ஓட்டலாம்.

கடைசியாக, ஏதோ ஒரு அணி ‘சீட் இருக்கிறது, இவ்வளவு கட்டுங்கள்’ என்று வந்தால் கேட்க வேண்டியவை: எத்தனை டயர் செட், பயிற்சி நாள் எத்தனை, நுழைவுக் கட்டணம், எரிபொருள் சேர்ந்ததா, நம் பையனுக்கு உத்தரவாதமான ஓட்டும் நேரம் எவ்வளவு. எல்லாவற்றுக்கும் மேல் விபத்துச் சேதம். கார் அடிபட்டால் எந்தத் தொகை வரை டிரைவர் பொறுப்பு, அதற்கு மேல் காப்பீடு உண்டா, கூட்டாளி மோதினால் யார் கணக்கு, இன்னொரு கார் வந்து இடித்தால் யார் கணக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஜிடி காரின் முன்பக்கம் ஒரு முறை நொறுங்கினால் பல லட்சம். அந்தத் தொகை எண்ணில் எழுதப்படாத ஒப்பந்தத்தில், எவ்வளவு நல்ல அணியாக இருந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.